பேசும் பிள்ளைக்குப் படச் செயலி எதற்கு? டவுன் சிண்ட்ரோம் மாணவர்களுக்கு ஆவாஸ்: ஒரு மதிப்பீடு

படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லைக் குரலாக ஒலிக்கும் செயலி ஆவாஸ். சென்னையில் பிறந்தது. இன்வென்ஷன் லேப்ஸ் நிறுவனம் 2010 வாக்கில் இதைத் தனிக் கருவியாகக் கொண்டுவந்தது. பேச்சு வராத, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து உருவான கருவி அது. பிறகு ஐபேட், ஆண்ட்ராய்டு செயலியாக மாறியது. தமிழிலும் கிடைக்கிறது.

பேச்சே இல்லாத பிள்ளைக்கு இது எப்படி உதவும் என்று விளக்கத் தேவையில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் தயங்குவது வேறு இடத்தில். டவுன் சிண்ட்ரோம் உள்ள மாணவர்கள் பெரும்பாலும் பேசுகிறார்கள். பேசப் பிடிக்கும், ஆளைப் பார்த்துச் சிரித்துக் கதை சொல்லவும் பிடிக்கும். சொல்வதுதான் மற்றவர்களுக்குப் புரிவதில்லை. வாய் திறந்து பேசும் பிள்ளையின் கையில் எதற்கு டேப்? எங்கள் பதில்: வாங்கலாம். ஆனால் பேச்சுக்குப் பதிலாக அல்ல, பேச்சு உடையும் இடத்தில் ஒட்டுப்போட. அந்தக் கணக்கில் வாங்குபவருக்கு இது நல்ல கருவி. "இதை வாங்கினால் பேச்சு வந்துவிடும்" என்று வாங்குபவருக்கு அல்ல.

பேச்சு எங்கே உடைகிறது என்று முதலில் பார்ப்போம். அது தெரியாமல் செயலியை அமைத்தால் பொத்தான்கள் எல்லாம் வீண்.

டவுன் சிண்ட்ரோமில் புரிந்துகொள்ளும் திறன் சொல்லும் திறனைவிடப் பெரும்பாலும் சில படி முன்னே இருக்கும். வாயின் உள் இடம் சிறியது, மேலண்ணம் குறுகி உயர்ந்திருக்கும், உதடு, நாக்குத் தசைகளில் இறுக்கம் குறைவு. பல பிள்ளைகளுக்கு நாக்கு, உதடு, தாடை அசைவுகளை வரிசைப்படுத்துவதிலேயே சிக்கல் உண்டு. அதனால்தான் காலையில் தெளிவாக வந்த சொல் மதியம் வேறு மாதிரி வருகிறது. "காலையில சொன்னியே, இப்ப சொல்ல என்ன?" என்று கேட்பது நியாயமில்லை. அது பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை.

தமிழில் இது எப்படி ஒலிக்கும்? கடைசி மெய் உதிரும்: பால், பாய், பார் மூன்றும் "பா" ஆகிவிடும். ரகர, லகர, ழகரங்கள் ஒன்றோடொன்று கலக்கும். நீண்ட சொல் சுருங்கும்: "பள்ளிக்கூடம்" இரண்டு அசையாகும். வீட்டில் அம்மாவுக்கு இடம் தெரியும், நேரம் தெரியும், அதனால் எந்த "பா" என்று பிடித்துவிடுவார். வகுப்பில் 35 பிள்ளைகளுக்கு நடுவே, சீலிங் ஃபேன் சத்தத்தில், ஆசிரியருக்கு அந்தத் துப்பு எதுவும் கிடைக்காது.

கணக்கு வகுப்பில் இது இன்னும் கொடுமை. ஆறு, ஏழு, நாலு எல்லாம் இரண்டு அசைச் சொற்கள், நடுவில் கடினமான மெய். விடை தெரிந்த பிள்ளை சரியாகவே சொல்லியிருக்கும். காதில் விழுந்தது வேறு எண். தவறு என்று குறியும் விழுந்துவிடும். 1 முதல் 20 வரை எண் எழுதிய ஒரு பட்டையை மேசையில் ஒட்டி, சொல்லிக்கொண்டே தொடச் சொன்னால் இந்த அநியாயம் அன்றைக்கே நிற்கும். இதற்குச் செயலிகூட வேண்டாம்.

காதையும் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும் பகுதியினருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் திறன் குறைகிறது. காதுக் குழாய் குறுகியது, நடுச்செவியில் நீர் தேங்கும். சளி பிடித்த வாரத்தில் கேட்பது குறையும், பிறகு கூடும். அழுத்தமில்லாமல் வரும் சொல் முடிவுகள்தான் முதலில் தொலையும். "வீட்டுல", "வீட்டுக்கு", "வீட்ட" மூன்றும் காதுக்கு "வீட்டு" என்றே போய்ச் சேர்ந்தால் வாயிலும் "வீட்டு" என்றுதான் வரும். சொல் முடிவுகள் எழுத்தாகக் கண்ணில் படும்போது கற்றுக்கொள்கிறார்கள். பார்த்து நினைவில் வைப்பது இவர்களுக்குக் கேட்டு நினைவில் வைப்பதைவிட எளிது. படமும் எழுத்தும் சேர்ந்த கருவி டவுன் சிண்ட்ரோம் மாணவருக்குப் பொருந்துவதற்கு முதல் காரணம் இதுதான். செயலி வாங்குமுன் காதைச் சோதியுங்கள், பிறகும் ஆண்டுக்கொரு முறை சோதியுங்கள்.

இனி செயலிக்கு வருவோம்.

ஆவாஸில் பட முறை, விசைப்பலகை முறை என இரண்டு உண்டு. படங்கள் சிம்பல்ஸ்டிக்ஸ் தொகுப்பிலிருந்து வருபவை: கோட்டுருவ மனிதர்கள், தெளிவான நிறம். ஒரு திரையில் எத்தனை படம் வரலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். சொற்களை மறைத்து வைக்கலாம், சொந்தப் படம் சேர்க்கலாம், அமைப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். பள்ளிக்கு இது முக்கியம். நீங்கள் அமைத்த சொல்தொகுதியை பிடிஎஃப் புத்தகமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளவும் முடியும். எங்களைக் கேட்டால், டவுன் சிண்ட்ரோம் வகுப்பறைக்கு இந்த அச்சு வசதி ஒன்றே சந்தாவின் பாதி மதிப்பு. ஏன் என்று பின்னால் வருகிறது.

அமைக்கும்போது பெரும்பாலானவர்கள் செய்வது: உணவுப் படங்கள், பழங்கள், வண்ணங்கள், விலங்குகள் என்று பெட்டி பெட்டியாக நிரப்புவது. பேசும் பிள்ளைக்கு இது பயன்படாது. "ஆப்பிள்" என்று வாயாலேயே சொல்லும் பிள்ளை அதற்காக நாலு பக்கம் புரட்ட வேண்டியதில்லை.

வேறு வழி இருக்கிறது. ஒரு வாரம், ஒரு சிறு நோட்டு. ஆசிரியரும் வீட்டாரும், பிள்ளை சொல்லித் தங்களுக்குப் புரியாமல் போன இடங்களை மட்டும் எழுத வேண்டும். என்ன ஒலி கேட்டது, பிறகு தெரிந்த உண்மைச் சொல் என்ன, எந்த நேரம், யாரிடம். "பா — பாய் — கதை நேரம் — ஆயாவிடம்." வார முடிவில் அந்தப் பட்டியல்தான் உங்கள் முதல் சொல்தொகுதி. அதில் ஆட்களின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் நிறைய வரும், வியக்க வேண்டாம். சக மாணவர் பெயர்தான் மிக அதிகமாகக் குழம்பும். வகுப்பில் உள்ள எல்லோரின் முகப்படத்தையும் பெற்றோர் அனுமதியோடு ஒரு பக்கத்தில் போட்டுவிடுங்கள். யார் அடித்தான், யார் பென்சில் கொடுத்தான், யாரோடு உட்கார வேண்டும் என்று சொல்ல அந்த ஒரு பக்கம் போதும்.

அதனோடு, எந்தப் பாடத்துக்கும் பொருந்தும் சில சொற்கள்: எனக்கு, வேணும், வேண்டாம், இன்னும், போதும், தெரியும், தெரியல, உதவி, மறுபடி, நிறுத்து, முடிஞ்சது, என் முறை, எங்க, யாரு, என்ன, வலிக்குது, பிடிக்கல, தொடாதே. கடைசி மூன்றையும் "இப்போது எதற்கு" என்று தள்ளிப்போடாதீர்கள். உடலில் எங்கே வலி, யார் என்ன செய்தார் என்று சொல்ல முடிவது இந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பு. உடலுறுப்புப் பக்கத்தில் எல்லா உறுப்புக்கும் பெயர் இருக்க வேண்டும், வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாது.

தமிழ் அமைப்பில் ஓர் இடத்தில் கவனம் தேவை. இந்த வகைச் செயலிகளுக்குப் பொதுவான நிறமும் (ஒவ்வொரு சொல்வகைக்கும் ஒரு நிறம்) வரிசையும் ஆங்கில வாக்கியத்தைப் பின்பற்றுபவை: இடது ஓரம் ஆள், அடுத்து செயல், வலது பக்கம் பொருள். நமக்கு வினை கடைசியில். "எனக்கு தண்ணி வேணும்" என்று தொட விரல் இடமிருந்து வலம் போய் மறுபடி நடுவுக்கு வர வேண்டும். இதற்காகச் செயலியின் அமைப்பையே மாற்றத் தோன்றும். மாற்ற வேண்டாம். சொல்லின் இடம் கைக்குப் பழகுவதுதான் முக்கியம், விரல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது அல்ல. செயலி இல்லாமல், படங்களை அச்சிட்டுச் செய்த காகிதப் பலகை மட்டுமே பயன்படுத்துவதென்றால், வினைகளை வலது ஓரம் வைத்துத் தமிழ் வரிசையிலேயே அடுக்குங்கள்.

"நான்" என்ற பொத்தானுக்குக் கிடைக்கும் முதலிடத்தை "எனக்கு" பெற வேண்டும். சிறு பிள்ளை முதலில் சொல்ல விரும்பும் பலவும் எனக்கு என்றுதான் தொடங்கும்: எனக்கு வேணும், எனக்கு வேண்டாம், எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்கு வலிக்குது. "நான்" மட்டும் முன்னால் இருந்தால் "நான் வேணும்" என்று பிள்ளை தவறாகப் பழகும். எனக்கு, வேணும் இரண்டையும் சேர்த்து ஒரே பொத்தானாக்கும் ஆசையும் வரும். தனித்தனியாகவே வையுங்கள், இரண்டு தொடலில் ஒரு வாக்கியம் அமைவதுதான் பயிற்சி.

வினையில் திணை பால் விகுதி எல்லாவற்றுக்கும் பொத்தான் போட முடியாது. "நான் வா" என்று பிள்ளை தொட்டால் திருத்தாதீர்கள். "ஓ, நீயும் வர்றியா? வா, வா" என்று சரியான வடிவத்தை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள், அது போதும்.

பேசும் தமிழா எழுதும் தமிழா? பேசும் தமிழ்தான். வீட்டில் யாரும் "தண்ணீர் வேண்டும்" என்று சொல்வதில்லை. ஒலிக்க வேண்டியதைப் பேச்சு வழக்கிலேயே தட்டச்சு செய்து கேட்டுப் பாருங்கள். கணினிக் குரல் சில பேச்சு வடிவங்களைத் தடுமாறி வாசிக்கும், அங்கே குரலைப் பதிவு செய்து சேர்ப்பது நல்லது. பதிவு செய்வது அதே வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தால் வகுப்புத் தோழர்கள் அதைக் கருவியின் சத்தமாக நினைக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு "முடியாது" என்பதைவிட "ஏலாது" முதலில் வேண்டும். மதுரைப் பிள்ளைக்கு மதுரைத் தமிழ். சந்தா கட்டுமுன் சோதனைக் காலத்தில் செய்ய வேண்டியது இதுதான்: பிள்ளை அதிகம் சொல்லும் பத்து வாக்கியங்களைப் போட்டு, ஃபேன் ஓடும் அறையில், மூன்று மேசை தள்ளி நின்று கேளுங்கள். புரிந்தால் வாங்கலாம்.

டேப்பைப் பற்றி. 8 அங்குலம் குறைந்த அளவு, 10 அங்குலம் வசதி. ஃபோனில் வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு விரல் குட்டை, மூட்டு தளர்வு. சுட்டுவிரலைத் தனியாக நீட்டித் தொடுவதற்குப் பதில் மூன்று விரலும் சேர்ந்து விழும். நினைத்தது ஒன்று, ஒலித்தது வேறொன்று என்றால் இரண்டு நாளில் டேப்பைத் தள்ளிவிடும். ஐபேடில் அக்சசிபிலிட்டி அமைப்பில் டச் அக்காமடேஷன்ஸ் என்று இருக்கிறது. அதில் ஹோல்ட் டியூரேஷனை (விரல் எவ்வளவு நேரம் நின்றால் தொடலாக ஏற்க வேண்டும் என்ற அளவை) 0.2 விநாடியில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் மெல்லக் கூட்டுங்கள். ஒரே இடத்தில் விழும் அடுத்தடுத்த தொடல்களைப் புறக்கணிக்கும் வசதியும் அங்கேயே உண்டு. சாம்சங் டேப்களிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்புகள் உண்டு. விநாடியை அதிகமாக வைத்தால் பிள்ளை தொட்டுத் தொட்டு ஒன்றும் ஒலிக்காமல் சோர்ந்துபோகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக.

டேப்பை மேசையில் தட்டையாக வைக்கக் கூடாது. டியூப்லைட் வெளிச்சம் திரையில் பட்டுப் படம் மறையும். சாய்ந்த ஸ்டாண்டில், பிள்ளையின் மார்புக்கு நேராக, முழங்கை மேசையில் ஊன்றும்படி வையுங்கள். கால் தரையில் படாமல் தொங்கினால் உடம்பு தளர்ந்து கையும் தளரும். அடியில் ஒரு பலகையோ பழைய புத்தகக் கட்டோ போடுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை என்றால் கண்ணாடி மூக்கில் சரிந்து கிடக்கிறதா பாருங்கள். டவுன் சிண்ட்ரோமில் பலருக்கு அருகில் உள்ளதைக் கூர்ந்து பார்ப்பதே சிரமம். தூரப் பார்வைக்குச் சரியான கண்ணாடி போட்டும் பக்கத்தில் உள்ள படம் மங்கலாகவே தெரியும். தூரத்துக்கும் அருகுக்கும் சேர்த்துப் பார்க்கும் பைஃபோகல் கண்ணாடி தேவையா என்று கண் மருத்துவரிடம் கேட்க வேண்டிய பிள்ளைகள் இவர்கள். அதனால் படம் பெரிது, எழுத்து தடித்த கறுப்பு, பின்னணி வெள்ளை. வெளிர் சாம்பல் கோட்டுப் படங்கள் அழகாக இருக்கும், தெரியாது.

அந்த டேப்பில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. யூடியூப் இருக்கும் டேப் வகுப்பில் பேச்சுக் கருவியாக நிலைக்காது. ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் போட்டுச் செயலிக்குள்ளேயே நிறுத்துங்கள்.

இனி அச்சு. டேப் இருந்தாலும் காகிதப் பலகை கட்டாயம் வேண்டும். சார்ஜ் தீர்ந்த நாள், விளையாட்டு மைதானம், கை கழுவும் இடம், தேர்வு நாள், டேப் பழுதுக்குப் போன மாதம், இத்தனையிலும் பிள்ளைக்கு வாய் வேண்டும். செயலியின் முதல் பக்கத்தை அப்படியே ஏ3 தாளில் எடுங்கள். இடமும் நிறமும் திரையில் உள்ளபடியே இருக்க வேண்டும். 8 வரிசை நெடுக்கும் 6 குறுக்கும் வைத்தால் 48 கட்டம், ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. வரை கிடைக்கும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு 48-ம் அதிகம் என்று தோன்றினால் கட்டத்தைக் குறைக்காதீர்கள். தேவையில்லாதவற்றின் மேல் ஒட்டுத் தாள் ஒட்டி மூடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கும்போது பழைய சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆவாஸிலும் இதையே செய்யுங்கள்: சொல்லை நீக்காதீர்கள், மறையுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் பளபளப்பு லேமினேஷன்தான் முதலில் காட்டுவார்கள். மங்கல் (மேட்) பூச்சு கேட்டு வாங்குங்கள், விளக்கு வெளிச்சத்தில் படம் மறையாது. ஓரம் 5 மி.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள், ஒட்ட வெட்டினால் ஒரு மாதத்தில் தண்ணீர் புகுந்து உரியும். சொல்லைப் படத்துக்கு மேலே அச்சிடுங்கள். கீழே இருந்தால் தொடும் கை எழுத்தை மறைக்கும், எழுத்தைப் பார்க்கத்தானே இவ்வளவும். மூன்று பிரதி: ஒன்று மேசைக்கு, ஒன்று பைக்கு, ஒன்று வீட்டுச் சாப்பாட்டு இடத்துக்கு.

பலகையோடு வைக்க வேண்டிய இன்னொரு சின்னப் பொருள், செலவே இல்லாதது: வேகப் பட்டை. 20 செ.மீ. நீள அட்டையில் மூன்று பெரிய வட்டங்கள். பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வட்டத்தைத் தொட்டுக்கொண்டே பேசும். எனக்கு, பென்சில், வேணும். ஒரு சொல்லில் நின்றுவிடும் பிள்ளையை மூன்று சொல்லுக்கு இழுப்பதற்கும், வேகமாகக் கொட்டி எல்லாவற்றையும் கலக்கும் பிள்ளையை நிதானப்படுத்துவதற்கும் ஒரே பட்டை. மூன்று பழகியதும் நான்கு. பேசும் டவுன் சிண்ட்ரோம் மாணவருக்குச் செயலிக்கு முன்னால் இதைத்தான் கொடுப்போம். திக்கும் பிள்ளைகள் இவர்களில் கணிசம். அவர்களிடம் பட்டையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், காத்திருப்பதே முதல் உதவி.

வகுப்பில் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் வாங்கிய பணம் பயனுள்ளதாகவோ வீணாகவோ ஆகிறது. முதல் ஒரு மாதம் பிள்ளையைத் தொடச் சொல்லவே வேண்டாம். ஆசிரியர் பேசும்போது தானே தொட வேண்டும். "இன்னும் ரெண்டு கணக்கு" என்கையில் "இன்னும்" மீது விரல். "முடிஞ்சது, நோட்டை மூடு" என்கையில் "முடிஞ்சது" மீது. ஒரு பாடவேளையில் பத்துத் தடவை இப்படித் தொட்டாலே போதும். தமிழைத் தன்னிடம் யாரும் பேசாமல் எந்தப் பிள்ளையும் தமிழ் பேசியதில்லை, பலகையும் அப்படித்தான்.

பிள்ளை பேசி, உங்களுக்குப் புரியவில்லை. அப்போது என்ன செய்வது? "புரியல, மறுபடி சொல்லு" என்றால் முழு வாக்கியத்தையும் மறுபடி சொல்ல வேண்டும், இரண்டாம் முறை இன்னும் குழம்பும். புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, புரியாத பாதியை மட்டும் கேளுங்கள்: "நேத்து போனீங்களா? எங்க?" பிறகு வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி. இந்தப் பத்து விநாடிதான் ஆசிரியர்களுக்கு மிகக் கடினம். மூன்றாம் விநாடியிலேயே நாமே ஊகித்துச் சொல்லிவிடுகிறோம், பிள்ளையும் "ம்" என்று ஒப்புக்கொண்டு விடுகிறது. தான் சொல்ல வந்தது அது இல்லை என்றாலும். பத்து விநாடியில் வரவில்லை என்றால் பலகையை, அல்லது டேப்பை, அருகில் நகர்த்துங்கள். தொட்டதும் அந்தச் சொல்லை நீங்களும் சொல்லுங்கள். பிள்ளை கூடச் சொன்னால் மகிழ்ச்சி, சொல்லாவிட்டாலும் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வாயால் தெளிவாகச் சொன்னதை "டேப்பில் தொட்டுக் காட்டு" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அதேபோல், தொட்டுக் காட்டியதை "வாயால சொன்னாத்தான் தருவேன்" என்றும் மறிக்காதீர்கள். இரண்டுமே, தான் சொன்னது எடுபடவில்லை என்றுதான் பிள்ளைக்குச் சொல்லும்.

படம் கொடுத்தால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, படம், சைகை போன்ற முறைகளைக் கற்ற, பல வகை வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ளவர்களில் தெளிவான சோதனை முறையோடு பதிவான 27 பேரை எடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. கூடிய அளவு பெரிதல்ல என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால்தான் "பேச்சு வந்துவிடும்" என்று சொல்லி யாராவது செயலி விற்றால் நம்ப வேண்டாம் என்கிறோம்.

கருவி கைவிடப்படுவது எப்போது? பீரோவில் பூட்டி வைக்கும்போது. "உடைத்துவிடுவான்" என்று ஆசிரியர் தன் மேசையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது மட்டும் கொடுத்தால், அது பிள்ளையின் குரல் ஆகாது. கைப்பிடி வைத்த தடித்த ரப்பர் உறை போட்டுப் பிள்ளையிடமே விடுங்கள். ஒரே பொத்தானைப் பிள்ளை இருபது முறை அழுத்திச் சிரிக்கும் காலம் ஒன்று வரும், அப்போது பிடுங்கிவிடுவது இன்னொரு காரணம். மழலை வாயில் ஒலி எழுப்பி விளையாடுவதைப் போன்றதுதான் அது. ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு உண்மையாகவே பதில் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் அடங்கும். மூன்றாவது, யாராவது ஆர்வமாக எல்லாவற்றையும் மாற்றி அடுக்குவது. புது ஆசிரியர், புதுத் தெரபிஸ்ட், விடுமுறையில் வந்த சித்தப்பா என யாராக இருந்தாலும் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். புதுச் சொல் சேர்க்கலாம், பழையது இடம் மாறக் கூடாது.

செலவு. ஆவாஸ் சந்தா முறையில் கிடைக்கிறது, இலவசச் சோதனைக் காலம் உண்டு. விலை மாறிக்கொண்டிருப்பதால் உங்கள் ஃபோனின் ஸ்டோரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டேப்பும் சேர்ந்தால் பல குடும்பங்களுக்கு இது பெரிய தொகை. முடியாதவர்கள் தயங்க வேண்டாம். ஸ்பெயினின் ஆரகோன் மாநில அரசு நடத்தும் ஆராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம். இட்லியும் பொங்கலும் நம்மூர் பஸ்ஸும் ஐரோப்பியப் படத் தொகுப்பில் நாம் நினைப்பது போல் இருக்காது. அவற்றை வெறும் சுவர்ப் பின்னணியில் நீங்களே படம் எடுத்துச் சேர்க்கலாம். சிபோர்டு என்ற திறமூலச் செயலியும் இலவசம். பேச்சு ஓரளவு தெளிவாகவே உள்ள, மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசும் மாணவருக்கு ஆராசாக் படத்தில் செய்த ஏ3 பலகையும் வேகப் பட்டையும் போதும், சந்தா தேவையில்லை. வெளியாருக்குப் பாதிக்கு மேல் புரியாத பேச்சு, அல்லது தனிச் சொற்களிலேயே நிற்கும் பேச்சு என்றால் ஆவாஸ் தன் விலைக்கு உழைக்கும். பேச்சு இல்லாத மாணவருக்கு யோசிக்கவே வேண்டாம், வாங்கலாம்.

வாங்கும் முடிவு எப்படியானாலும், இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைக் கல்வி நிறுவனம் செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. வாய்மொழித் தேர்வில் பலகையைத் தொட்டு விடை சொல்ல அனுமதி கேட்பது அதற்குள் வருவதுதான். ஆண்டு முடிவில் வகுப்பு மாறும்போது செயலியின் பேக்கப்பை எடுத்து, குழம்பும் சொற்கள் எழுதிய நோட்டோடும் பலகையின் ஒரு பிரதியோடும் அடுத்த ஆசிரியர் கையில் நேரில் கொடுங்கள். அவர் முன்னிலையில் பிள்ளையோடு பத்து நிமிடம் பேசிக் காட்டுங்கள், எந்த "பா" பால், எந்த "பா" பாய் என்று அவருக்கு ஜூன் மாத முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.